நான்காக மடித்த துணி

மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உன் இருமல் எப்படி இருக்கிறது? அத்தானுக்கு முதுகுவலி தேவலையா? இங்கே எல்லோரும் நலம் என்று பழக்கத்தில் எழுதக் கை போகிறது. அப்படி எழுத முடியாது.

குழந்தை பிறந்துவிட்டது. இரண்டாம் தேதி. ஏழு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. உன் தம்பி பெண்டாட்டிக்குத் திடீரென்று பிரஷர் ஏறிக் கண் இருட்டிவிட்டது. வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை, உனக்கு மருமகள். ஆயிரத்து நூற்று நாற்பது கிராம். எங்கள் கம்பெனியில் ஐஸ் பாரை உடைக்கும்போது ஓரமாகத் தெறித்து விழுமே சில்லு, அது இதைவிடக் கனமாக இருக்கும். பெயர் என்ன என்று கூட வேலை செய்பவர்கள் கேட்டார்கள். வாய்க்கு வந்தபடி சில்லு என்றேன். அதுவே நிலைத்துவிட்டது. திட்டாதே.

குழந்தை ஒரு கட்டடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அவள் எதிர்க் கட்டடத்தில் இரண்டாவது மாடியில். தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துக் காய்ச்சல் விடவே இல்லை. பிள்ளையை இன்னும் பார்க்கவில்லை. "என் மூக்கா, உங்க மூக்கா?" என்று தினமும் கேட்கிறாள். மூக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது, நான் என்னத்தைச் சொல்ல?

இங்கே பெரிய நர்ஸ் ஒருவர் இருக்கிறார். எதைக் கேட்டாலும் எண்ணில்தான் பதில் வரும். இத்தனை கிராம், இத்தனை மில்லி, இத்தனை டிகிரி. குழந்தைகளின் அப்பாக்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கணக்கு டீச்சர். நேற்று என்னைக் கூப்பிட்டார்.

"அம்மா வர முடியாதுன்னா அப்பா வாங்க. சட்டையைக் கழட்டிட்டுக் குழந்தையை வெறும் நெஞ்சோட சேர்த்து வச்சுக்கணும். அந்தச் சூடு பெட்டிச் சூட்டைவிட நல்லது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் முடியும்?"

"சிஸ்டர், நான் ஐஸ் கம்பெனியில வேலை பாக்கறேன்."

"அதனால?"

"என் உடம்பு எப்பவும் ஜில்லுன்னு இருக்கும்."

"ஐஸ் செய்யறவரா, ஐஸா நீங்க?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினாறு வருஷமாக உப்புத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஐஸ் அச்சுகளைத் தூக்குகிறேன். விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன. என் கை பட்டால் பெண்டாட்டியே "ஐயோ" என்று விலகுவாள். போதாததற்கு, அமோனியா குழாய் விட்டுப்போனபோது வெந்த வடு நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

போன் செய்யலாம் என்றால் தறிச் சத்தம் உன் காதைத் தின்றுவிட்டது. அதனால்தான் கடிதம். உடனே பதில் போடு.

உன் தம்பி


மே 14

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதத்தை மில் கேட்டிலேயே கொடுத்தார்கள். தறி ஓட ஓட நின்றபடி படித்தேன். இரண்டு இழை அறுந்து மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கினேன். ஏசினது எதுவும் காதில் விழவில்லை, அது ஒரு சௌகரியம்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தாயாமே, என்னத்தை யோசிக்கிறாய்? இதைப் படித்து முடித்ததும் எழுந்து போ. உன்னை உள்ளே வரச்சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியவில்லை.

கேட்பதற்கெல்லாம் பதில் எழுது. மூச்சைத் தானாக விடுகிறாளா? உதடு என்ன நிறத்தில் இருக்கிறது? முதுகில் பூனைமுடி மாதிரி இருக்கும், பயப்படாதே, உதிர்ந்துவிடும். காது மடலை மடித்தால் மடித்தபடியே நிற்கும், உடனே நிமிராது. அதற்கும் பயப்படாதே. அழும்போது சத்தம் வராது, முகம் மட்டும் கோணும். மூக்குக் குழாயில் பால் விடும்போது நீ பக்கத்தில் இருக்கவேண்டும்.

சில்லு என்று கூப்பிடாதே. உருகிப்போகிற பொருளின் பெயரை யாராவது பிள்ளைக்கு வைப்பார்களா?

நானே ஓடி வந்திருப்பேன். பஞ்சுத் தூசி இருமலை வைத்துக்கொண்டு அந்த அறைப் பக்கம் வரக்கூடாது. விடவும் மாட்டார்கள். உன் பெண்டாட்டியிடம் நான் கேட்டதாகச் சொல். அத்தான் நலம். பஸ்ஸை எடுத்துக்கொண்டு போகிறார், வருகிறார்.

அக்கா


மே 19

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்த அன்றே போனேன். இருமலுக்கு வெந்நீராவது குடிக்கிறாயா?

அறை என்றா சொல்வது, அடுப்பங்கரை மாதிரி கொதிக்கிறது. குழந்தைகளுக்காக மின்விசிறி கிடையாது. நாள் முழுக்கக் குளிரில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு அந்த வெக்கையில் கண் சொக்குகிறது. சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, சட்டைப் பொத்தானை அவிழ்க்கச் சொல்லி, தொப்பியும் இடுப்புத் துணியும் மட்டும் போட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என் நெஞ்சில் நிமிர்த்தி வைத்தார்கள். தவளை மாதிரி காலை மடக்கிக்கொண்டு ஒட்டிக்கொண்டாள். கனமே இல்லை அக்கா. அவள் தலை மேல் வைத்த தாடையை எடுத்தால் விழுந்துவிடுவாளோ என்று கழுத்தைக்கூட அசைக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் எனக்கு இரண்டு பக்கத் தோளும் இறுகிப்போய்விட்டது.

நீ எழுதியது அத்தனையும் சரி. பூனைமுடி இருக்கிறது. காது மடல் அப்படியேதான் நிற்கிறது. மூச்சு தானாக விடுகிறாள், ஆனால் நடுநடுவே மறந்துபோகிறாள். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? மில்லில் யாருக்காவது இப்படிப் பிறந்ததா?

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். மேலே போர்வையைச் சுற்றிவிட்டுத் திரையை இழுத்து மூடிவிட்டு சிஸ்டர் போனதும், மெல்லிய துணி ஒன்றை நான்காக மடித்து எனக்கும் பிள்ளைக்கும் நடுவில் செருகிக்கொள்கிறேன். என் குளிர்ச்சி அவளுக்கு ஏறிவிடக்கூடாது, பார். அந்த வடுவும் சொரசொரப்பாக இருக்கிறது, அவள் தோல் வெங்காயச் சருகு மாதிரி. சிஸ்டர் திரும்பி வருவதற்குள் உருவிப் பைக்குள் வைத்துவிடுவேன். பதினெட்டுக் குழந்தைகளுக்கு இரண்டு பேர்தான், அவர்களுக்கு எங்கே நேரம்?

எடை இறங்கித் திரும்ப ஏறி, இப்போது ஆயிரத்து நூற்று இருபது. உன் தம்பி பெண்டாட்டிக்கு இன்னும் காய்ச்சல். நான் தினமும் போய்ப் பிள்ளை எப்படி இருந்தாள் என்று சொல்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள்.

உன் தம்பி


மே 23

தம்பி,

அந்தத் துணியை எடு.

நான் நாள் முழுக்கத் துணி நெய்கிறவள். துணி உனக்கு என்ன செய்யும் என்று என்னைக் கேள். ஒன்றும் தராது, தடுக்கும், அவ்வளவுதான். குளிர்ச்சி ஏறுமா ஏறாதா என்று அந்த சிஸ்டரைக் கேள், உன் மூளையைக் கேட்காதே. நடுவில் எதுவும் வேண்டாம். வெறும் நெஞ்சு என்று சொன்னால் வெறும் நெஞ்சு.

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். கனமே இல்லை என்று எழுதியிருந்தாயே, அந்த இடம் வந்ததும் எழுந்துபோய்விட்டார். வாசலில் வாளியை எடுத்துவைத்து, பஸ் கழுவுகிற மாதிரி சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். நேற்றுத்தான் கழுவியிருந்தார்.

எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தாய். எங்கேயோ கேள்விப்பட்டதுதான்.

இருமல் அப்படியேதான் இருக்கிறது. உடனே எழுது.

அக்கா


மே 31

தம்பி,

எட்டு நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. தபால்காரரைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. இந்தப் பக்கம் வராமல் போனாலும் பயமாக இருக்கிறது. பிள்ளை இருக்கிறதா என்று மட்டும் எழுது. ஒரே ஒரு சொல் போதும்.

அக்கா


ஜூன் 4

அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும்.

வெயில் காலம், கம்பெனியில் ஓய்வே இல்லை. லாரிகள் வரிசையில் நிற்கின்றன. இரண்டு ஷிப்ட் பார்க்கிறேன். அதனால்தான் எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

பிள்ளை இருக்கிறாள். பெட்டியில் இருக்கிறாள். அந்தப் பெட்டி என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிறது. உன் தம்பி பெண்டாட்டிக்குக் காய்ச்சல் குறைகிறது.

அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை.

தம்பி


ஜூன் 8

தம்பி,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். வேறொன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு இதையேதான் சொல்வாய். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீ அங்கே போவதில்லை என்று மட்டும் தெரிகிறது. இரண்டு ஷிப்ட் யார் கேட்டது?

இனி நான் சொல்கிறேன். எங்கேயோ கேள்விப்பட்டது என்று எழுதினேனே, அது பொய்.

இருபத்தொரு வருஷத்துக்கு முன்பு நீ வெளியூரில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். அக்காவுக்கு வயிற்றிலேயே கலைந்துவிட்டது என்று உனக்குச் சொன்னார்கள். கலையவில்லை. ஏழாம் மாதம் பிறந்தான். ஆண் பிள்ளை. பதினோரு நாள் உயிரோடு இருந்தான். அதை யாருக்கும் சொல்லவில்லை. பதினோரு நாள் இருந்தான் என்றால், பதினோரு நாளும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள் இல்லையா?

நான் எழுந்திருக்க முடியாமல் மாடி வார்டில் படுக்கையில் கிடந்தேன். அவனை நான் உயிரோடு பார்க்கவில்லை. உன் அத்தான்தான் போனார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். "ஆம்பளைங்களுக்கு இங்க என்ன வேலை? கிருமி வரும், தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டார்கள். அப்போது எல்லா இடத்திலும் அப்படித்தான். டூட்டிக்குப் போகிற காக்கி உடுப்போடு பதினோரு நாள் நின்றார். நின்று பார்த்துவிட்டு மாடிக்கு வந்து எனக்குச் சொல்வார். முதுகில் பூனைமுடி மாதிரி இருக்கிறது. நர்ஸ் காது மடலை மடித்துப் பார்த்தார், நிமிரவில்லை. அழுகிறான், சத்தம் வரவில்லை, கண்ணாடியாலா, இல்லை சத்தமே இல்லையா தெரியவில்லை. நான் உனக்கு எழுதியது அத்தனையும் அவர் சொன்னதுதான். இருபத்தொரு வருஷமாக என் தலைக்குள் இருக்கிறது.

பதினோராவது நாள் உள்ளே கூப்பிட்டார்கள். வெள்ளைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தார்கள். அதுதான் முதல் தடவை. எல்லாம் முடித்துவிட்டு வந்து என் கட்டிலோரம் உட்கார்ந்தார். "சூடு இல்லடி" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்றுவரை அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை.

அவருக்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருந்தால் போதும். பிள்ளை பிழைத்திருக்கும் என்று சொல்லவில்லை. இந்த மனுஷன் பிழைத்திருப்பார்.

உனக்குக் கதவு திறந்திருக்கிறது. நீ வெளியே நிற்கிறாய். எனக்கு உன் மேல் கோபமாக வருகிறது. கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். போ தம்பி.

அக்கா


ஜூன் 13

அக்கா,

உன் கடிதத்தை நேற்று மத்தியானம் கம்பெனியில் வைத்துப் படித்தேன்.  மருமகன் ஒருவன் இருந்தான் என்பதே எனக்குத் தெரியாது. அவனைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இப்போது நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மே 24. துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன் அந்த வெக்கையில் தூங்கிப்போனேன். கணக்கு டீச்சர் வந்து திரையை விலக்கியது தெரியாது. கண் விழித்தபோது பிள்ளை அவர் கையில் இருந்தாள். உதடு நீலமாக இருந்தது. உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டிருந்தார்கள். சுண்டச் சுண்ட மூச்சு வந்தது. வெப்பம் முப்பத்தைந்தரைதான். துணி தரையில் விழுந்து கிடந்தது, நான்காக மடித்தபடி. சிஸ்டர் அதை எடுத்து என் கையில் கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நின்றிருப்பேன். துணியை எடு என்று நீ எழுதிய கடிதம் இரண்டு நாள் கழித்து வந்தது.

அதன் பிறகு நான் போகவில்லை. வாசல்வரை போவேன், காவலாளியிடம் "பிள்ளை எப்படி?" என்று கேட்கச் சொல்வேன், திரும்பிவிடுவேன். இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. எதிர்க் கட்டடத்தில் அவளிடம் தினமும் போய்ப் பிள்ளையை வைத்திருந்ததாகச் சொன்னேன். இன்று கொட்டாவி விட்டாள், இன்று என் விரலைப் பிடித்தாள் என்று கதை கட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

நேற்று உன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு லாரியில் ஐஸ் பார் அடுக்கப் போனேன். வரிசைக்கு மேலே கோணியைப் போட்டேன். லாரி டிரைவர், "நல்லா இழுத்து மூடுப்பா, சூடு உள்ள போயிடப் போகுது" என்றார். பதினாறு வருஷமாகத் தினமும் கேட்கிற வார்த்தை அக்கா இது. கோணி குளிரை உண்டாக்குவதில்லை, சூட்டை உள்ளே விடுவதில்லை, அதனால்தான் ஐஸ் உருகாமல் ஊர் போய்ச் சேருகிறது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே கோணியைத்தான் நான் என் நெஞ்சுக்கும் அவளுக்கும் நடுவில் போட்டிருக்கிறேன். என் சூடு அவளுக்குப் போய்விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த இடத்திலேயே ஒரு பாரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் பயந்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஐஸ் இழுக்கிற கொக்கியைக் கீழே போட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கணக்கு டீச்சர் என்னைப் பார்த்தார்.

"பத்தொன்பது நாள்" என்றார்.

"ஆமா சிஸ்டர்."

"அன்னைக்கு மூச்சு நின்னது குளிராலயும் இருக்கலாம், வேற எதாலயும் இருக்கலாம். குறைமாசப் பிள்ளைங்க மூச்சை மறக்கும், தட்டி ஞாபகப்படுத்தத்தான் நாங்க இருக்கோம். ஆனா துணி வச்சது தப்பு. ஓடிப்போனது அதைவிடத் தப்பு. இன்னைக்கு எத்தனை மணி நேரம்?"

தெர்மாமீட்டரை முதலில் என் அக்குளில் வைத்தார். முப்பத்தாறு புள்ளி எட்டு. "எனக்கும் இதேதான். பெரிய ஐஸ் ஆளு!" என்றார். வடுவைப் பார்த்தார், அதன் மேலேயே பிள்ளையின் கன்னத்தை வைத்தார். அவளுக்கு ஒன்றும் உறுத்தவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது அவள் சூடு முப்பத்தாறு புள்ளி ஒன்பது. என்னைவிட ஒரு புள்ளி அதிகம்.

மாலையில் எதிர்க் கட்டடத்துக்குப் போய் அவளிடம் உண்மையைச் சொன்னேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இன்று காலையும் பேசவில்லை. பேசாவிட்டால் பரவாயில்லை.

இப்போது எடை ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு. ஏற்றம் போதாது, நாளெல்லாம் யாராவது நெஞ்சில் வைத்திருந்தால் நல்லது என்கிறார் சிஸ்டர். எனக்கு ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு மேல்தான். போர்மேன் இனி லீவு என்ற பேச்சே வேண்டாம் என்கிறார். அவளுக்குத் தையல் ஆற இன்னும் இரண்டு வாரம் ஆகும். "வீட்டுல வேற யாருமே இல்லையா? பொம்பளையா இருக்கணும்னு இல்ல" என்று சிஸ்டர் கேட்டார். இல்லை என்றேன்.

உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது. இருமலைக் கவனி.

தம்பி


ஜூன் 17

தம்பி,

உன் கடிதம் நேற்று வந்தது. அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். இந்தத் தடவை எழுந்து போகவில்லை, கடைசிவரை கேட்டார். நான் அவர் கதையை உனக்கு எழுதிவிட்டதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. 

இன்று நான் மில்லிலிருந்து வந்தால் ஆளைக் காணோம். பையைக் காணோம். காக்கி உடுப்பு மட்டும் ஆணியில் தொங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரி கையைக் காலை ஆட்டிச் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது, டிப்போவில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். முப்பது வருஷமாக எடுக்காத லீவு கிடக்கிறது.

அங்கே வந்தாரா? உடனே எழுது. வேறு எங்கே போவார் என்று யோசிக்கப் பயமாக இருக்கிறது.

அக்கா


ஜூன் 22

அன்புள்ள அக்கா,

பயப்படாதே. இங்கேதான் இருக்கிறார். இருமல் மருந்தை மறக்காதே.

பதினெட்டாம் தேதி காலை ஷிப்டுக்குக் கிளம்புகிறேன், வாசலில் நிற்கிறார். குளித்து, நகம் வெட்டி, டூட்டிக்கு வந்த மாதிரி நின்றார். "மாப்ளே, எத்தனை மணிக்கு ஏறணும்?" என்றார்.  அரை நாள் தாமதமாக வருகிறேன் என்று போர்மேனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டுக் கூட்டிக்கொண்டு போனேன்.

கணக்கு டீச்சர் மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு?"

"மாமா."

"எத்தனை மணி நேரம் உட்காருவீங்க?"

"எட்டு மணி நேரம் ஸ்டியரிங் முன்னாடி உட்கார்ந்த உடம்பும்மா. நடுவுல ஒருவாட்டி எறங்க விட்டா போதும்."

கையைக் கழுவச் சொன்னார்கள், கழுவினார். கவுன் கொடுத்தார்கள், போட்டுக்கொண்டார். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. கண்ணாடிக் கதவு வந்ததும் நின்றுவிட்டார். நான் உள்ளே போய்விட்டேன், திரும்பிப் பார்க்கிறேன், அவர் கதவுக்கு அந்தப் பக்கமே நிற்கிறார். ஒரு கை கண்ணாடி மேல் இருக்கிறது.

"உள்ள வாங்க" என்றார் சிஸ்டர்.

"நானா?"

"உங்களைத்தான்."

"வரலாமா?"

"வரத்தானே கூப்பிடறேன். கதவைத் திறந்துவச்சா குழந்தைங்களுக்குக் குளிரும், சீக்கிரம்."

காலை இரண்டு தடவை துடைத்துக்கொண்டு வந்தார். நான் சுவரில் மாட்டியிருந்த எடைப் பட்டியலைப் படிக்கிற மாதிரி நின்றுகொண்டேன்.

அவர் தொந்தியைப் பார்த்து சிஸ்டருக்கு ஒரே சந்தோஷம். பிள்ளை சரியாமல் உட்கார இதைவிட நல்ல இடம் கிடைக்காதாம். நெஞ்சில் வைத்ததும் அத்தான் இரண்டு கையையும் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி விறைப்பாக வைத்துக்கொண்டார். "இறுக்கம் வேணாம், சாயுங்க" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். மூன்றாவது நாள்தான் தோள் இறங்கியது. காலை எட்டிலிருந்து நாலுவரை அவர், நாலிலிருந்து நான். வண்டி மாற்றிக்கொள்கிற மாதிரி மாற்றிக்கொள்கிறோம். கையில் கொடுக்கும்போது, "பால் பத்து மில்லி ஏத்தியாச்சு, ஒருவாட்டி மூச்சை மறந்தா, தட்டிவிட்டேன்" என்று கணக்குச் சொல்வார். அதற்கு மேல் ஒரு பேச்சு கிடையாது.

ஆயிரத்து நானூற்று இருபது. பெண்டாட்டி என்னிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். முதல் வார்த்தை "தூங்கு மூஞ்சி."

தம்பி


ஜூன் 27

தம்பி,

உன் கடிதம் வந்தது. நிம்மதியாக இரண்டு வேளை சாப்பிட்டேன். வீடு காலியாக இருக்கிறது. எனக்குத்தான் எந்தச் சத்தமும் கேட்பதில்லையே, இருந்தும் அவர் இல்லாதது கேட்கிறது.

அவர் ஏதாவது சொன்னாரா? எனக்கு எழுதமாட்டார், கையெழுத்தைத் தவிர எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. என்னிடம் சொல்லாவிட்டாலும் போகட்டும். உன்னிடமாவது ஒரு வார்த்தை சொன்னாரா என்று எழுது. இருபத்தொரு வருஷம் காத்திருந்துவிட்டேன், இன்னும் கொஞ்சநாள் காத்திருக்கக் கஷ்டமில்லை. சலிப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அக்கா


ஜூலை 6

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம். இதை இந்தத் தடவை பொய்யில்லாமல் எழுதுகிறேன்.

ஆயிரத்து எழுநூற்று முப்பது. இன்னும் ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார் கணக்கு டீச்சர். மூக்குக் குழாயை எடுத்தாயிற்று. மூன்று நாளைக்கு முன்பு உன் தம்பி பெண்டாட்டியைச் சக்கர நாற்காலியில் வைத்து இந்தக் கட்டடத்துக்குக் கொண்டுவந்தேன். பிளாஸ்திரி இல்லாத முகத்தை வெகுநேரம் பார்த்தாள். "உங்க மூக்குதான். பரவாயில்ல, வளர வளர மாறிடும்" என்றாள். பிறகு நெஞ்சில் வாங்கிக்கொண்டாள். அழுதாள். இரண்டு பக்கத்துத் திரைக்குப் பின்னாலும் யாரோ மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

இப்போது காலையில் அவள் வைத்துக்கொள்கிறாள், மாலையில் நான். அத்தானுக்கு இனி வேலையில்லை என்று சிஸ்டரே சொல்லிவிட்டார். அவர் கேட்கிற மாதிரி தெரியவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குக் கை கழுவிக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார். அவளும் சாப்பிடப் போகிறேன் என்று பிள்ளையைக் கொடுத்துவிட்டு, வேண்டுமென்றே இரண்டு மணி நேரம் சாப்பிடுகிறாள்.

இன்று கம்பெனிக்கு விடுமுறை. அத்தான் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நீ கேட்டிருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. "அக்காவுக்கு எழுதிட்டிருக்கேன் அத்தான், நீங்க ஏதாவது எழுதணுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"எனக்குக் கை ஒழியல, நீயே எழுதிக்க" என்றார். இரண்டு கையும் சில்லுவின் முதுகில் இருந்தன.

"சொல்லுங்க."

"இருமலுக்கு மருந்து குடிக்கச் சொல்லு."

எழுதினேன்.

"சைக்கிளுக்குக் காத்து அடிச்சு வைக்கச் சொல்லு. நான் வந்து பாத்துக்கறேன்னு சொல்லு."

எழுதினேன். அவர் குனிந்து, மோவாயைப் பிள்ளையின் தொப்பி மேல் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். கடிதத்தை மடிக்கப்போனேன்.

"மடிக்காத. இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார். "நான் சொல்ற மாதிரியே எழுதணும். டி போட்டு எழுது. அவளுக்குப் புரியும்."

அவர் சொன்னபடியே எழுதுகிறேன் அக்கா.

சூடு இருக்குடி.